பேசாத புள்ளைய கிளாஸ்ல சேக்கலாமா?

கேள்வி: கொடவாசல்லேர்ந்து ஒரு அப்பா, 2024 ஜூலை 14

எம்பையன் பிளஸ் ஒன் போறான். மார்க்கெல்லாம் பரவால்ல. ஆனா வாயத் தொறக்க மாட்டேங்குறான். சொந்தக்காரங்க வந்தா உள்ரூமுக்கு போயிடுவான், என்ன கேட்டாலும் ஒத்த வார்த்ததான். வாயுள்ள புள்ள பொழச்சுக்கும்னு சும்மாவா சொல்லி வெச்சாங்க. பர்சனாலிட்டி டெவலப்மென்ட் கிளாஸ்னு ஒண்ணு இருக்கு, மூணு மாசத்துக்கு 12,000 கேக்குறாங்க. பேசாதவனுக்கு இந்தக் காலத்துல எடம் இல்லன்னுதான் எனக்குத் தோணுது. தப்பா?

ஜூலை 14, ராத்திரி 11.20

தப்பு. பணத்த பத்தரமா வெச்சுக்குங்க.

நான் திருத்துறைப்பூண்டி பக்கம் மைக் செட், சீரியல் லைட் போடுறவன். இருவத்திரெண்டு வருஷமா சத்தத்த வாடகைக்கு விட்டுதான் சோறு திங்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், தீமிதி, சாவு எல்லாத்துக்கும் போவேன். பேசுறவங்கள என் அளவுக்கு யாரும் பாத்துருக்க மாட்டாங்க, அதுவும் மேடைக்கு பின்னாலேர்ந்து.

ஒண்ணு சொல்றேன். சில பேரு மைக்க கையில வாங்குனதும் உணர்ச்சிவசப்பட்டு நேரா ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னாடி போயி நிப்பாரு. அது கூய்ங்ங்னு ஊளையிடும். ஒடனே செட்டுக்காரன் சரியில்லன்னு என்னைய மொறைப்பாரு. செட்டுல ஒரு கோளாறும் கெடையாதுங்க. மைக்கு பாக்ஸ்லேர்ந்து வர்ற தன் சத்தத்தையே கேக்குது, ஆம்ப்ளிபயரு அத பெருசாக்கி வெளிய விடுது, அதையே மைக்கு திரும்பக் கேக்குது, திரும்ப பெருசாவுது, அதான் ஊளை. மைக்கு சத்தத்த பெருசாக்குற அளவ, கெய்னும்போம், அதக் கொறச்சா அடங்கிடும். வாய் ஓயாதவங்க பல பேருகிட்ட பேசும்போது எனக்கு அந்த ஊளைதான் கேக்கும். நானும் அந்த ரகந்தான், என் வீட்டுக்காரியக் கேட்டா தெரியும்.

ஜூலை 15, காலையில

நேத்து தூக்கத்துல பாதியோட விட்டுட்டேன். சொல்ல வந்தது எங்கப்பாவப் பத்தி.

அவரு பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்து ரிடையர் ஆனவரு. வெளியூர்க்காரங்களுக்கு தெரியாது, வாய்க்கா கரையில நடந்து நடந்து ஷட்டர தூக்குறது, எறக்குறது, எங்க ஒழுகுது எங்க அடைச்சிருக்குன்னு பாக்குறது எல்லாம் லஸ்கர் வேல. ஒரு நாளைக்கி பத்து வார்த்த பேசுனா அதிகம். நாங்க கடைமடை. தண்ணி தலைமடைய எல்லாம் தாண்டி கடேசியா எங்களுக்கு வரும், வரும்போதே சண்டையையும் சேத்துக்கிட்டு வரும். கரையில ரெண்டு பக்கமும் மம்பட்டியோட நின்னு கத்துவாங்க, இவரு நடுவுல பீடிய பத்த வெச்சுக்கிட்டு நிப்பாரு. ஒருத்தருக்கும் பதில் சொல்ல மாட்டாரு. கத்தி முடிச்சதும் ஷட்டருகிட்ட போயி ரெண்டு சுத்து சுத்துவாரு, அவ்ளோதான், அதுதான் தீர்ப்பு. யாரும் எதுத்துப் பேசுனதில்ல. ஏன்னு அப்ப எனக்குப் புரியல.

எட்டாவது படிக்கும்போது ஒரு நாளு ராத்திரி என்னையும் கரைக்கு கூட்டிட்டுப் போனாரு. நான் டார்ச்ச அடிச்சிக்கிட்டே போறேன். "டார்ச்ச அணை"ன்னாரு. அணைச்சேன். "பேச்சையும்"னாரு. கும்மிருட்டு, தவளை சத்தம், நான் பயந்து போயி நிக்கிறேன். கொஞ்ச நேரம் ஆச்சு. கரைக்கு வெளிப்பக்கம், வயல் ஓரமா, குளுகுளுகுளுன்னு ஒரு சின்ன சத்தம். கொடத்துல தண்ணி மோந்தா கடேசியில வருமே அதுமாதிரி. அவரு நேரா அங்க எறங்கி காலால தொழாவுனாரு. நண்டு வளை. வாய்க்காத் தண்ணி கரைக்குள்ள பூந்து அந்தாண்ட வருது. வைக்கோல முறுக்கி உள்ள திணிச்சு களிமண்ண மிதிச்சு விட்டாரு. விடியறவரைக்கும் விட்டுருந்தா அதுதான் உடைப்பு. டார்ச்சோட பத்து பேரு நடந்திருந்தாலும் அது கண்ணுல பட்டுருக்காது, ஏன்னா அது பாக்குற விஷயமே இல்ல.

ஜூலை 15, சாயங்காலம்

நீடாமங்கலத்துலேர்ந்து ஒருத்தரு கேட்டுருக்காரு, லஸ்கருக்கு காது கேக்குறதும் பையனுக்கு இண்டர்வியூவுல பேச வராததும் ஒண்ணா அப்டின்னு. ஒண்ணு இல்லதான். ஆனா பேசாதவன் சும்மா இருக்கான்னு நெனைச்சிக்கிறோம் பாருங்க, அதத்தான் சொல்றேன். அவன் ஏதோ வேல பாத்துட்டுதான் இருக்கான்.

ஜூலை 17, ஆடி 1

என் வீட்டுக்காரி டீச்சரு. இந்த இழையக் காட்டுனேன். படிச்சிட்டு, "நீங்க எழுதறதும் பேசற மாதிரியேதான் இருக்கு, முடிய மாட்டேங்குது"ன்னா. அப்பறம் அவ சொன்னது.

மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்கக்கார அம்மா 1970கள்ல வகுப்புகள்ல டேப் ரிகார்டர வெச்சு பாத்துருக்காங்க. வாத்தியாருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருக்காங்களாம், அதுக்குள்ள அடுத்த புள்ளைய கேட்டுடறது, இல்ல தானே பதில சொல்லிடறது. அத மூணு செகண்டுக்கு நீட்டுனப்ப பதிலெல்லாம் நீளமா வந்துச்சாம், அதுவரைக்கும் வாயத் தொறக்காத புள்ளைங்களும் பேச ஆரம்பிச்சுதுங்களாம், தெரியாதுன்னு சொல்றதும் கொறஞ்சுதாம். மூணே செகண்டு.

இவளும் முயற்சி பண்ணிப் பாத்துருக்கா. மூணு செகண்டு நம்மளால தாங்க முடியாதுங்கறா. மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணு எண்றதுக்குள்ள, வகுப்பே தன்னைய மொறைக்கிற மாதிரி இருக்குமாம். பேசாம இருக்க பழக்கம் வேண்டியது வாத்தியாருக்குத்தான், புள்ளைக்கு இல்லங்கறா.

கொடவாசல்காரரே, நீங்க பையன ஒரு கேள்வி கேட்டுட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கீங்க? சும்மா ஒரு தடவ எண்ணிப் பாருங்க.

ஜூலை 17, ராத்திரி

மூணு செகண்டுன்னதும் ஞாபகம் வந்துச்சு. எரங்கல் கூட்டத்துல "ரெண்டு நிமிஷம் மௌன அஞ்சலி"ம்பாங்கல்ல. எத்தனையோ கூட்டத்துல ஆம்ப்ளிபயரு பக்கத்துல நின்னு வாட்ச்ச பாத்துருக்கேன். முப்பத்தஞ்சு செகண்டு, மிஞ்சிப்போனா நாப்பது. இதுவரைக்கும் ஒருத்தரும் ரெண்டு நிமிஷத்த தொட்டதில்ல. செத்தவங்களுக்காகக்கூட.

ஜூலை 20

ஆடி மாசம், மாரியம்மன் கோயில் வேல வரிசையா இருக்கு, லேட்டாத்தான் வருவேன்.

திருவாரூர் அக்கா, குரு கோயில் இருக்குற ஆலங்குடிய ஞாபகப்படுத்துனாங்க. தட்சிணாமூர்த்தி கல்லால மரத்தடியில ஒக்காந்து சனகாதி முனிவருங்க நாலு பேருக்கும் வாயத் தொறக்காம பாடம் எடுத்தாரு, சின்முத்திரையிலயே எல்லாம் முடிஞ்சுது. நான் அதுக்கு, பேசாத குருவப் பாக்க குருப்பெயர்ச்சிக்கு எத்தன மைக்கு, எத்தன கொழாய் ஸ்பீக்கர்னு கிண்டலடிச்சிருந்தேன். அக்கா திருத்திட்டாங்க: குருப்பெயர்ச்சி நவக்கிரகத்துல இருக்குற குருவுக்கு, அதாவது வியாழனுக்கு. தட்சிணாமூர்த்தி சிவன். ரெண்டு பேரும் வேற வேற, ஜனங்க போட்டு கொழப்பிக்கிட்டாங்க. சரிதான் அக்கா, ஒத்துக்கறேன். மே 1 பெயர்ச்சிக்கு நானும் மஞ்சத் துணியோட வரிசையில நின்னவன்தான்.

அதேமாதிரி சதாசிவ பிரம்மேந்திரர். கும்பகோணம் பக்கம் திருவிசநல்லூர்ல படிச்சவரு. படிக்கிற காலத்துல யாரு வந்தாலும் வாதம் பண்ணி ஜெயிச்சுடுவாராம், குரு வெறுத்துப்போயி ஒன் வாய் எப்பத்தான் அடங்கும்னு கேட்டாராம், அன்னியோட பேச்ச விட்டுட்டாருன்னு சொல்லுவாங்க. சமாதி கரூர் பக்கம் நெரூர்ல இருக்கு. எனக்கு இதுல புடிச்சது என்னன்னா, பேச்ச விட்டவரு கீர்த்தனைய விடல. இன்னி வரைக்கும் கச்சேரியில பாடுறாங்க. பேச்ச நிறுத்துனா எல்லாம் நின்னுடும்னு இல்ல பாருங்க.

ஜூலை 22

மேளத்துல பேசாத ஆளுக்கு எடம் உண்டான்னு கேட்டவருக்கு.

நாதஸ்வர செட்டுல ஒத்துன்னு ஒரு ஊதுகொழல் உண்டு. அதுல ராகம் கெடையாது, தாளம் கெடையாது, ஒரே சுதிதான். ஊர்வலம் நாலு வீதி சுத்தி வர்றவரைக்கும் சுதி அறாம ஊதிக்கிட்டே வரணும். பெரிய வித்வான் மூச்சு வாங்கிக்கலாம், தவுலுக்கு விட்டுட்டு வெத்தல போட்டுக்கலாம், ஒத்துக்காரரு நிறுத்த முடியாது. பக்கத்துல ஒருத்தரு தாளம் போடுவாரு, ஜால்ரான்னு சொல்றமே அதான். அவரு தப்புனா மொத்த மேளமும் தப்பும்.

இப்ப யோசிங்க. "ஒத்து ஊதறான்", "ஜால்ரா அடிக்கிறான்" ரெண்டையும் நாம எதுக்கு சொல்றோம்? அடுத்தவன் சொல்றதுக்கெல்லாம் ஆமாம் போடுறவனுக்கு. மேளத்துல தன் கைவரிசையக் காட்டாத ரெண்டு பேரையும் புடிச்சு கெட்ட வார்த்தையா ஆக்கி வெச்சுருக்கோம். இத மொத மொத எங்கிட்ட சொன்னது ஒரு வயசான ஒத்துக்காரரு, கல்யாண மண்டபத்து பின்பக்கம் காப்பி குடிக்கும்போது. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு. அப்பறம் சுதிப்பொட்டி வந்துடுச்சு, அவருக்கு வேல கொறஞ்சுபோச்சு. பொட்டிக்கு லைன் குடுத்தவன் நாந்தான்.

(தவுல்காரர் ஒருத்தர் கீழ எழுதிருக்காரு, ஒத்து எங்கங்க பேசாம இருக்கு, அது ஓயாம கத்திக்கிட்டுல்ல இருக்குன்னு. அதுவும் நெசந்தான். ஒதாரணம் கொஞ்சம் கோணிப்போச்சு.)

ஜூலை 25, ரொம்ப லேட்டு

இதுவரைக்கும் எங்கப்பாவ ஏதோ மகான் மாதிரி எழுதிட்டேன், நெஞ்சு உறுத்துது. மறுபக்கத்தையும் சொல்லணும்.

2023 பிப்ரவரி மொத வாரம், சம்பா அறுப்பு நேரத்துல மழ புடிச்சுதே ஞாபகம் இருக்கா. எங்க நெல்லு ஒரு கொள்முதல் நிலையத்து வாசல்ல குமிச்சுக் கெடக்கு, மேல தார்ப்பாயி. அப்பா மூணு நாளு ராவும் பகலும் அங்கயே கெடந்தாரு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க. மொத நாளு நம்மளது சரியாத்தான் இருந்துச்சு. ஆனா சத்தம் போட்டவன் குவியலெல்லாம் முன்னால போவுது, கட்சிக்காரன் போன் பண்ணா முன்னால போவுது, இவரு ஓரமா துண்ட விரிச்சு ஒக்காந்துருக்காரு. "மொறை வரும்டா"ங்கறாரு. மொறை வரல, மழதான் வந்துச்சு. அடி நெல்லு மொளச்சுடுச்சு. தார்ப்பாய தூக்குனா புளிச்ச வாடை, உள்ளங்கை வெச்சா சூடு. அந்த சூடு இன்னும் கையில இருக்கு.

நாலாம் நாளு நான் போயி கத்துன கத்துல அன்னிக்கே எடைய போட்டாங்க. அதுக்குன்னே பொறந்தவன் மாதிரி கத்துனேன். நல்லாருந்த வரைக்கும் அள்ளி நாப்பது நாப்பது கிலோவா மூட்ட தச்சு லாரியில ஏறுச்சு. வெற்றிக் களிப்புல வீட்டுக்கு வந்தா மனுசன் ஒரு வாரம் எங்கிட்ட மொகம் குடுக்கல. அப்பறம் ஒரு நாள் சோறு திங்கும்போது சொன்னாரு: "அடுத்த குமியல் அந்தக் கைம்பொண்ணோடது. அது எனக்கு முந்தியே வந்துது."

நான் யாரோட மொறைய கத்தி வாங்குனேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அந்தம்மாவும் வாயத் தொறக்காம ஒக்காந்துருந்துச்சு, நான் பாக்கவே இல்ல.

ஆக, அப்பா பேசியிருக்கணும். கண்டிப்பா பேசியிருக்கணும், எங்களுக்காக இல்லன்னாலும் அந்தம்மாவுக்காக. அதையும் அவருகிட்ட கேட்டேன். பதில் சொல்லல.

ஜூலை 26

மேல எழுதுனத தூக்கிடலாமான்னு பாத்தேன். கெடக்கட்டும்.

ஜூலை 28

மேட்டூர் அணைய தொறந்துட்டாங்க! வழக்கமா தொறக்குற ஜூன் 12 போயி ஒன்ற மாசத்துக்கு மேல ஆவுது. குறுவைக்கு போர்வெல் வெச்சுருக்கவன் மட்டும் தப்பிச்சான். எங்க ஊருக்கு தண்ணி வர இன்னும் எத்தன நாளோ.

அப்பாகிட்ட சொன்னேன். "ம்"னாரு. மம்பட்டிய எடுத்து காம்ப தட்டிப் பாத்தாரு. ரிடையர் ஆயி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, யாரு கூப்பிட்டா?

ஜூலை 30

கஜா புயல் பத்தி கேட்டீங்க. 2018 நவம்பர் 16, விடியக்காலம். காத்து கத்துன கத்துக்கு முன்னாடி என் ஆயுசுல கேட்ட எந்த பாக்ஸும் நிக்காது. ஓடு பறக்குது, தென்ன ஒடியற சத்தம் ஒவ்வொண்ணா கேக்குது. அப்பறம் திடீர்னு நின்னுடுச்சு. யாரோ மெயின ஆப் பண்ண மாதிரி. எல்லாரும் அப்பாடான்னு ஆயிட்டோம், எங்க சித்தப்பா மாட்டுக் கொட்டாயப் பாத்துட்டு வர்றேன்னு கௌம்பிட்டாரு. அப்பா வாசல்ல போயி ஒரு நிமிஷம் நின்னாரு. உள்ள வந்து கதவ சாத்தி தாப்பா போட்டாரு. "போவாத. திரும்பும்"னாரு.

திரும்புச்சு. எதுத்த பக்கத்துலேர்ந்து வந்துச்சு. கொட்டாயி மொத்தமா எங்க போச்சுன்னே தெரியல. புயலோட கண்ணு மேல வந்தா அப்டித்தான் நிக்கும்னு பின்னாடி படிச்சேன், நடுவுல காத்து இருக்காது, கண்ணு தாண்டுனதும் எதுர்ப்பக்கத்துலேர்ந்து அடிக்கும். அவரு படிக்கல. 1977 நவம்பர் புயல்ல வாலிபப் பையனா இருந்து பாத்தவரு. அந்த மாதிரி ஒரு அமைதிய அவரு ஏற்கனவே ஒரு தடவ கேட்டுருந்தாரு, அவ்ளோதான்.

அதே எடத்துல நான் இருந்துருந்தா விளக்கம் குடுத்துருப்பேன். விளக்கத்த கேட்டு முடிக்கறதுக்குள்ள சித்தப்பா கொட்டாய்க்கு போயிருப்பாரு.

ஆகஸ்ட் 1

திருத்தம். கொட்டாய பாக்க கௌம்புனது சித்தப்பா இல்லயாம், நானாம். அம்மா சொல்லுது. அப்பாவக் கேட்டா சிரிக்கிறாரு.

ஆகஸ்ட் 4

நேத்து ஆடிப்பெருக்கு. கொடவாசல்காரரு ஊருக்குப் பக்கத்து ஊருலதான் எனக்கு கோயில் வேல, அதனால பையன ஒரு நாளு எங்கூட விடுங்கன்னு நாந்தான் கேட்டேன். காலையில பத்து மணிக்கு கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு. பையன் வணக்கம்கூட சொல்லல. ஒயர் சுருள் மேல ஒக்காந்துட்டான்.

எனக்கு அன்னிக்கி ஒரு தலவலி. எடதுபக்க பாக்ஸ்ல உர்ர்ர்னு ஒரு இரைச்சல், வருது போவுது. ஆம்ப்ளிபயர மாத்துனேன், மைக்க மாத்துனேன், எர்த்த புடுங்கி ஈரமண்ணுல திரும்ப அடிச்சேன், எங்கூட வேல பாக்குற பையன திட்டுனேன், ஜென்செட்டுக்காரன திட்டுனேன். இதெல்லாம் சாயங்காலம் ஏழு வரைக்கும் நடக்குது. ஏழு மணிக்கு இவன் எந்திரிச்சு எங்கிட்ட வந்து, அன்னிக்கி பேசுன மொத வார்த்த: "அண்ணே, அந்த ஓடற சீரியல் எரியும்போது மட்டுந்தான் வருது."

இல்லப்பா, அதுக்கும் இதுக்கும் சம்மந்தமில்லன்னேன். இருவத்திரெண்டு வருஷ அனுபவமாச்சே. அவன் வாதாடல. திரும்பப் போயி ஒக்காந்துட்டான். பத்து நிமிஷம் கழிச்சு யாரும் பாக்காதப்ப சீரியல ஆப் பண்ணிப் பாத்தேன். இரைச்சல் போச்சு. போட்டேன், வந்துச்சு. பந்தக்கால்ல சீரியல் ஒயரையும் மைக்கு ஒயரையும் ஒண்ணா சேத்து கட்டியிருந்தேன், ரெண்டாளு ஒயரம் ரெண்டும் ஒட்டிக்கிட்டே போவுது. பிரிச்சு தனியா இழுத்துக் கட்டுனதும் சுத்தமாயிடுச்சு. அவன் காலையிலேர்ந்து எது எரியும்போது எது கத்துதுன்னு பாத்துட்டே இருந்துருக்கான்.

கொடவாசல்காரருக்கு போன் பண்ணி பெருமையா சொன்னேன். அவரு, "சாப்டானா?"ன்னு கேட்டாரு. அப்பத்தான் ஒறைச்சுது. மத்தியானம் கோயில்ல சித்ரான்னம் போட்டாங்க, நாங்கல்லாம் மாத்தி மாத்தி போயி தின்னுட்டு வந்தோம். இவன யாரும் கூப்பிடல. இவனும் கேக்கல. காலையில பத்துலேர்ந்து பச்சத் தண்ணிதான்.

அதனால அந்த கிளாஸ் பத்தி மொத நாளு சொன்னதுல கொஞ்சம் பின்வாங்கிக்கறேன். 12,000 வேணாம்தான். ஆனா பசிக்குதுன்னு சொல்ல அவன் எங்கயாச்சும் கத்துக்கணும், நான் கேக்க கத்துக்கணும், எது மொதல்லன்னு தெரியல.

ஆகஸ்ட் 11, ராத்திரி 10.40, கோயில் வாசல்லேர்ந்து

தண்ணி எங்க வாய்க்காலுக்கு வந்துடுச்சு, கணுக்கால் அளவு. அப்பா ரெண்டு ராத்திரியா வீட்டுல தங்கல.

இந்த வாரமும் பையன் வந்துருக்கான், அவனேதான் பஸ் ஏறி வந்தான். இப்ப ஜென்செட்டு பக்கத்துல ஒக்காந்து நாலாவது இட்லி தின்னுட்டு இருக்கான். சாம்பாரு வேணுமான்னு கேட்டேன். மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுனேன். தலைய ஆட்டுனான். வேணுங்கறானா வேணாங்கறானான்னு புரியல. ஊத்திட்டேன்.